இருபத்திரண்டு படிகளும் ஒரு மலையுச்சியும்

அந்த மலையின் தலையில் ஒருமுறையேனும் ஏறி நின்றுவிடுவது என்று சிவசண்முகம் முடிவெடுத்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாள்களில் அது நீலமாக நிற்கும். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பார். மலையும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருவழியாக மலையேற்றக் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. வனத்துறை அனுமதித்ததோ ஒரே ஒரு நாள். அந்த நாளில்தான் ஏரலில் மைத்துனன் குமரவேலின் புதுவீட்டுப் பால்காய்ப்பு! இதை விட்டால் அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு தம் முழங்கால் எந்தக் கட்சியில் இருக்குமோ, யார் கண்டார்? ஆகவே அந்த முழங்காலையே துணைக்கு அழைத்தார்.

"ஏட்டி சொர்ணம், மூட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒன் தம்பி கீழ கடையக் கட்டி, மேல வீட்டை வச்சிருக்கான். இருவத்திரெண்டு படி! என்னால ஏற முடியாது. நீ மட்டும் போயிட்டு வா."

"நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போவமா?"

"அது கடைசியில எப்படியும் நடக்கும். இப்பமே எதுக்கு?"

மனைவி சொர்ணாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தைலப் புட்டியைத் தலைமாட்டில் வைத்தாள். "காலை நீட்டிப் படுங்க" என்று சொல்லிவிட்டு, மாலைப் பேருந்தில் ஏரலுக்குப் புறப்பட்டாள்.

மறுநாள் விடியுமுன் சிவசண்முகம் பாபநாசத்தில் இருந்தார். காட்டுப் பாதையில் அட்டைகள் அவரிடம் எடுத்துக்கொண்ட இரத்தத்தை எந்த இரத்த வங்கியும் கேட்டிருக்காது. கடைசிப் பாறையில் கயிற்றைப் பற்றித் தொங்கி, தவழ்ந்து, உச்சியில் எழுந்து நின்றார்.

யாரோ போர்வையை உருவியதுபோல் மேகம் விலகிற்று. கீழே அணைநீர் கையளவு கண்ணாடியாய்க் கிடந்தது. அங்கிருந்து புறப்பட்ட தாமிரபரணி, வயல்களுக்கிடையே ஒளிந்தும் ஒளிர்ந்தும் கிழக்கே போய் வெயில் மங்கலில் கரைந்தது. அதற்கும் அப்பால், ஊசியால் கீறியதுபோல் ஒரு வெள்ளிக் கோடு. கடல்! அறுபது ஆண்டுகளாக அந்த ஆற்றைப் படித்துறை படித்துறையாக, பாலம் பாலமாகத் துண்டு துண்டாகவே பார்த்திருந்தார். முழு ஆற்றையும் ஒரே பார்வையில் இன்றுதான் பார்க்கிறார். இதை உடனே ஒருத்திக்குக் காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

கைப்பேசியில் காணொளி அழைப்பை அழுத்தினார். முதல் மணியிலேயே சொர்ணாம்பாளின் முகம் தோன்றியது.

"ஏட்டி, பாரு! மொத்த ஆத்தையும் பாரு!"

"யம்மாடி! என்ன அழகு! பைய திருப்புங்க, கிழக்க காட்டுங்க."

"அந்தா மங்குதுல்லா, அங்கனதான் ஏரலு! நீ இருக்க இடம்!"

"படி நெறய இருந்துச்சோ?"

"படிக்கு இங்க எங்க போக? கயித்தைப் பிடிச்சுத் தொங்கி ஏறியிருக்கேன்!"

"மூட்டு?"

"மூட்டுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு!"

நாக்கு செய்த வேலை அதன் பிறகுதான் மூளைக்கு எட்டியது. திரையில் சொர்ணாம்பாளின் தோளுக்குப் பின்னால் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. மாமியார், சமையற்காரர், பட்டு வேட்டியில் குமரவேல்.

"அத்தான், நம்ம வீட்டுல இருவத்திரெண்டு படிதான்!"

வீடே சிரித்தது. சிவசண்முகம் பதறிப்போய்க் கைப்பேசியை ஆற்றின் பக்கம் திருப்பினார். சிரிப்பு அப்படியே அடங்கிற்று. "முருகா" என்று மாமியார் மட்டும் மெல்லச் சொன்னாள்.

அந்த அமைதியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொர்ணம், ஒனக்கு எப்பம் தெரியும்?"

"நேத்துக் காலையிலயே. நீங்க குளிச்சுட்டு இருந்தீக. மலைக்குக் கூட்டிட்டுப் போறவரு கூப்பிட்டு, 'அண்ணாச்சிக்கு மத்தியானம் சப்பாத்தியா, புளியோதரையா'ன்னு கேட்டாரு. நாந்தான் புளியோதரைன்னு சொன்னேன்."