சுரேந்திரன் நிரூபித்த வெள்ளிக்கோடு

யாங்கூன் தாகேதாவில் சுரேந்திரன் வீட்டில் மொத்தமே இரண்டு அறைதான். ஒன்றில் அவனும் மனைவி உமையாளும். இன்னொன்றில் பாம்புகள். எல்லாம் விஷமில்லாத கார்ன் ஸ்நேக், கண்ணாடிப் பெட்டிக்குள் சமர்த்தாகச் சுருண்டு கிடப்பவை. இருந்தாலும் பாம்பு பாம்புதானே!

நாலு வருஷத்துக்கு முன் பொரித்த குட்டிகளில் ஒன்று விசித்திரமாக வந்தது. சிவப்புத் திட்டுகளைக் காணோம். முதுகில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. சுரேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாரும் பார்க்காத நிறம்! அன்றே பெயர் சூட்டிவிட்டான்: "யாங்கூன் வெள்ளிக்கோடு."

"பேரு வச்சாப் போதுமா தம்பி?" என்றார் கியாக்டடாவில் பாம்பு விற்கும் அப்துல் பாரி. "அது வம்சக் குணம்னு நிரூபிக்கணும். இந்தப் பெட்டையை வேற ஆணோட சேர்த்தா முதல் ஈத்துல கோடு ஒளிஞ்சுக்கும். அதுல ஒரு ஆண்குட்டியை வளர்த்துத் தாயோடயே சேர்த்தா, பாதிக் குட்டிக்குக் கோடு வரணும். வந்தாத்தான் பேரு நிக்கும்."

வளர்த்தான், சேர்த்தான். காத்திருந்தான். நாலு வருஷம் கழித்துப் பதினொரு முட்டைகள் தெர்மோகோல் பெட்டியில் சூடாகிக்கொண்டிருந்தபோது மாண்டலேயிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, உங்க அக்கா பேசினாங்க. மூட்டுவலியாம். இங்க வந்து வைத்தியம் பார்க்கணுமாம். பாம்பை அப்புறப்படுத்தினா நாளைக்கே பஸ் ஏறுறாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

"பதினஞ்சே நாள்."

ரத்தினம்மாள் அக்காவின் பதினைந்து நாள், பாம்பு வருவதற்கு முன் ஒருமுறை, தீபாவளிக்குத் தொடங்கிப் பங்குனி உத்திரத்தில் முடிந்தது. சுரேந்திரனுக்கு உள்ளூர உதறல். வெளியே சொன்னால் பாசமில்லாத தம்பி ஆகிவிடுவான்.

"பாவம் அண்ணி" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள் உமையாள். "ஒரே பேச்சு. கோடு வந்தா ரூம் பாம்புக்கு. வரலைன்னா அண்ணிக்கு. சம்மதமா?"

சம்மதித்தான். தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "பெட்டிச் சூடு குறையாமப் பாத்துக்க உமா" என்பான்.

"நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போங்க."

பொரிக்கும் நாள் வந்தது. முதல் குட்டி, சாதாரணம். இரண்டாவதும் சாதாரணம். மூன்றாவது தலையை நீட்டியபோது சுரேந்திரன் மனசுக்குள் அக்காவுக்குப் பாயே விரித்துவிட்டான். நாலாவது குட்டி முதுகைக் காட்டியது. வெள்ளைக் கோடு! மொத்தம் ஆறு கோடு!

"நிரூபணம் ஆயிடுச்சு தம்பி!" என்று போனில் கத்தினார் அப்துல் பாரி.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அக்கா இறங்கிப் போன மாதிரி இருந்தது சுரேந்திரனுக்கு. அதைவிட, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியை ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

"என்ன அண்ணி பண்றது?" உமையாள் மாண்டலேயோடு பேசிக்கொண்டிருந்தாள். "உங்க தம்பி ஜெயிச்சுட்டாரே! மிங்கலாடோன்ல உங்க சின்னத் தம்பி வீட்ல ரூம் காலியாத்தான் இருக்காம். மனசே ஆறலை அண்ணி."

போனை வைத்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி டீ கொண்டுவந்தாள். கூட ஒரு தட்டு பஜ்ஜி வேறு.

"தோத்ததுல உனக்கு வருத்தமில்லையா?"

"எனக்கெதுக்கு வருத்தம்? கோடு போட்டதே நான்தானே."

"என்னது?"

"நாலு வருஷம் முன்னாடி, கரண்ட் வந்த நேரம் உங்க பெட்டிப் பிளக்கைப் பிடுங்கிட்டுத் தண்ணி மோட்டார் போட்டேன். திருப்பிச் சொருக மறந்துட்டேன். முட்டையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. அந்த ஈத்துலதான் உங்க வெள்ளிக்கோடு வந்துச்சு. பயத்துல உங்ககிட்ட சொல்லலை."

"இந்தத் தடவை?"

"தினமும் மறந்தேன்."

சுரேந்திரன் பஜ்ஜியைக் கீழே வைத்தான். அப்படியானால் வம்சமுமில்லை, குணமுமில்லை. வெறும் குளிர்! நாலு வருஷமும் போச்சு, பேரும் போச்சு. அக்கா வராத நிம்மதி ஒன்றுதான் மிச்சம். அதற்காகப் பொய்ப் பேரோடு ஊரை ஏமாற்ற முடியுமா?

"அப்துல் பாரிகிட்ட உண்மையைச் சொல்லப்போறேன். இந்த நிரூபணம் செல்லாது!"

"தாராளமாச் சொல்லுங்க. மறுபடி முதல்லேர்ந்து ஒழுங்கா நிரூபிக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"இன்னும் நாலு..."

உமையாள் போனை எடுத்தாள். "அண்ணிகிட்ட அஞ்சுன்னு சொல்லிடறேன்."