மூக்கால் மெஷின் பார்த்தவர்

கம்ப்யூட்டரை மூக்கால் பரிசோதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் குடியிருந்தார். பெயர் ஏதோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘மோப்பம் சார்’. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். மதர்போர்டை யாராவது ஸ்குரூடிரைவரால் சுரண்டினால்தான் ருத்ரமூர்த்தி ஆகிவிடுவார்.

முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை வேண்டும் என்கிற கட்சி. அவருடைய நடைமுறை என்னையே அயர வைத்தது. எந்த ஜன்னல் ஓரம் வைத்தீர்கள், பக்கத்தில் சாம்பிராணி போடுவீர்களா என்று மெஷினின் ஜாதகத்தைக் கேட்பார். பிறகு கண்ணை மூடி முகர்வார். அதன்பிறகே கை வைப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர், பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் வாடை பிடித்து எழுந்து போனார். பாயசம் வந்தபோது அவர் தலை கேபினெட்டுக்குள் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், ஆயுத பூஜை முடிந்து வந்த பௌர்ணமி. மனு ஒன்று டைப் அடிக்கச் செங்கம் ரோட்டில் கஸ்தூரியின் கடைக்குப் போயிருந்தேன். கடையின் ஒரே கம்ப்யூட்டர் ஓடுவதும் பொசுக்கென்று அணைவதுமாக இருந்தது. மறுநாள் பரீட்சைக்கான ஒரு பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் அதில் பாதியில் நின்றது. சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்து வேலை மொத்தமும் வேறு கடைக்குப் போய்விடும். கஸ்தூரி கடை நடத்தியதே அந்த வேலையை நம்பித்தான்.

மோப்பம் சாருக்குப் போன் போட்டாள். பஸ் கிடையாது. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், ஸ்பிரிட் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தே வந்தார்.

“வழியெல்லாம் திட்டு. ‘யோவ், மலைய தலைகீழா சுத்தறியே’ன்றான். ‘நான் சுத்தலப்பா, வேலைக்குப் போறேன்’னு சொல்லிக்கினே வந்தேன்.”

கேபினெட்டைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“ஏம்மா, இது பேட் கருகின வாடை இல்லியே. பூஜை ரூம் வாடை அடிக்குது.”

சிப்பின் சூட்டைக் கடத்த, அதன்மேல் பசை மாதிரி ஒரு மெல்லிய பட்டை இருக்கும். அதுதான் பேட். அதற்கு மேலே அலுமினியத் துண்டு. அந்தத் துண்டை மெல்லத் திருகி எடுத்தார். சிப்பின் ஓரங்களில் பழைய பேட் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. நடுவில், மஞ்சளாகக் காய்ந்த ஒரு பெரிய பொட்டு.

கஸ்தூரி தன் கணவன் முருகேசனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆயுத பூஜைக்குத் தொடச்சேன் சார்,” என்றான் அவன். “பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சு, வழிச்சிட்டேன். சூடு ஜாஸ்தின்னு இவதான் சொன்னா. சந்தனம் குளிர்ச்சிதானே?”

“உனக்குக் குளிர்ச்சி. அதுக்குக் கம்பளி. இன்னாடா இது, செவப்பா?”

“குங்குமம் சார். சந்தனம் வச்சிட்டு குங்குமம் வைக்காம இருப்பாங்களா?”

மோப்பம் சார் பாட்டிலைத் திறந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துச் சிப்பின் மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

“சீக்கிரம் சார், மணி ஆவுது!” என்றாள் கஸ்தூரி.

“சுரண்டினா போர்டே போய்டும்மா. அது ஊறணும். அதுவரைக்கும் பிரம்மாவே வந்தாலும் உக்காரத்தான் வேணும்.”

ஊறியதைப் பிளாஸ்டிக் ஸ்கேல் முனையால் ஒதுக்கினார். துடைத்த பஞ்சு கறுப்பாக வந்தது, பிறகு மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாகவும் வந்தது. வெள்ளையாக வரும்வரை அவர் விடவில்லை. ஸ்பிரிட் காய்ந்தபின் புது பேட் வைத்து, துண்டைப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். மெஷின் அணையவில்லை. பொழுது சாய்வதற்குள் கேள்வித்தாள் பிரிண்டாகிப் போய்ச் சேர்ந்தது.

கஸ்தூரி முகம் மட்டும் தெளியவில்லை. “பூஜைல வச்சதைத் தொடச்சிட்டோமே சார். எதுனா ஆய்டுமா?”

மதர்போர்டுக்காக ஊரையே மிரட்டுகிற அந்த மனிதர் எழுந்து போய், சுவாமி படத்தடியில் இருந்த கிண்ணத்தில் சந்தனம் தொட்டு, கேபினெட்டின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார்.

“வெளிய நீ வையிம்மா. உள்ள நான் பாத்துக்கறேன்.”

அன்றைக்கு அவரோடு அடி அண்ணாமலை வரை பேசிக்கொண்டே நடந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் கிடையாது.