லக்ஷன் இல்லாத ஒரு கிழமை

ராசாவும் மந்திரியும் இல்லாத ஒரு காலம், கனக்க முந்தியில்லை, போன மாசியிலே, குருக்கள்மடத்தில் லக்ஷன் என்றொருத்தன் இருந்தான். வீட்டறைக்குள் இருந்தபடியே கொழும்புக் கம்பனியொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். கடைகளுக்குப் பில் போடும் பகுதி அவனுடையது. வேறொருத்தர் கை வைக்க முடியாதபடி அதைச் சிக்கலாகவே எழுதி வைத்திருந்தான்.

பனிச்சங்கேணியில் மாமனாரின் நெல் வட்டையில் அறுவடை வந்தது.

"ஒரு கிழமை லீவு எடுங்க, ஏழு நாள்தானே. அப்பா தனிய நிண்டு மூடை தூக்கிறார்," என்றாள் மனைவி ஆர்த்திகா.

"எனக்கும் ஆசைதான். ஆனா அந்தப் பகுதி என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே. நான் வந்தா ஒரு கடையும் பில் அடிக்காது."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும்!"

ஆர்த்திகா தலையாட்டிவிட்டுப் போனாள். அதுக்கே அவன் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை. கம்பனிக் குழு முழுக்கத் திரையில் கூடியிருந்தது. தேத்தண்ணியோடு வந்தவள் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஹெதர் அக்கா, சுகமா? இவருக்கு நாளைக்கு டெங்கு வந்து படுத்தா உங்கட பில் வேலைய ஆர் பாக்கிற? இவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதாமே. யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரையில்லக்கா."

குழுத்தலைவி ஹெதருக்கு முகம் வெளுத்தது. "லக்ஷன், உண்மையா?"

இல்லையென்று சொன்னால் வீட்டில் பொய்யன். "ஓம்," என்றான்.

"ஐயோ, பெரிய ஆபத்தெல்லா! இண்டைக்கே நம்மட குழு றுமானாவுக்குச் சொல்லிக் குடுங்க. மறுகா ஒரு கிழமை கட்டாய லீவு. நீங்க இல்லாமச் சமாளிக்க ஏலுமா எண்டு பாக்கவேணும். நாங்களாக் கூப்பிடுற வரைக்கும் நீங்க கோல் எடுக்கப்படாது."

வட்டையில் லக்ஷன் மூடை சுமந்தான். முதுகு நெல்லில், மனம் போனில். இப்ப கூப்பிடுவார்கள், கெஞ்சுவார்கள். ஒருத்தரும் கூப்பிடவில்லை. வரம்பில் குந்தியிருந்து யோசித்தான். அத்தனை சிக்கலும் கம்பனிக்காகவா போட்டது? தன்னை நாலு பேர் தேட வேண்டுமென்றுதானே. தேடாவிட்டால் தான் ஆர்? மூடையைவிட அது கனத்தது.

கிழமை முடிகிற அன்று போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

"லக்ஷன் அண்ணா, நான் றுமானா. உங்கட பகுதி..."

"நிண்டிட்டா? இந்தா வெளிக்கிடுறன்!"

"இல்லண்ணா. சிக்கலையெல்லாம் எடுத்துப் போட்டன். முந்தியவிட நல்லா ஓடுது. இன்னும் ஒரு கிழமை ஆறுதலா நிண்டு வரட்டாம், ஹெதர் அக்கா சொன்னா."

போனை வைத்தவன் முகத்தை ஆர்த்திகா பார்த்தாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"கவலைப்படாதீங்க. உங்களைத் தேடுறதுக்கு இஞ்ச ஆக்கள் இருக்கு. நாளைக்குப் பெரியப்பாட வட்டையில அறுவடை," என்றுவிட்டு வரம்பால் நடந்து போனாள்.