பாதித் தலையோடு கிடைத்த சிநேகிதம்

என்றும் என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். அங்கே நீயும் அத்தானும், அத்தானுடைய இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. என் மகன் உன்னிடம் போனில், "அப்பா பாதித் தலை முடியோட ஊரைச் சுத்தினாரு அத்தை, கேட்டா சிரிக்கிறாரு" என்று சொன்னானாம். பேச்சுத்துணை இல்லாமல் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, என்னை ஊருக்கே வரவழைக்க நீ டிக்கெட் எடுக்கப் போகிறாயாம். அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், டிக்கெட் எடுக்காதே. தலை பாதியானது உண்மை. புத்தி முழுசாகத்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுத் திட்டு.

மகன் வீட்டோடு இருக்க இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை என்பது வாஸ்தவம். எதிர்வீட்டுக்காரரை லிஃப்டில் பார்த்தால் நான் தலையாட்டுவேன், அவரும் ஆட்டுவார், இரண்டு பூம்பூம் மாடுகள் சந்தித்த மாதிரி. நானோ ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். பயணி கையில் என்ன புத்தகம் என்று பார்த்து, நாலு வார்த்தை பேசி, அப்புறம்தான் டிக்கெட்டைப் பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட வாய்க்கு இங்கே பூட்டு.

அப்படி இருக்கும்போதுதான் தெருமுனை முடிவெட்டும் கடைக்குப் போனேன். என் வயதுள்ள ஓர் அம்மாள் தனியாக நடத்துகிறார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கத்தரியம்மா. அவரும் இந்த ஊர்க்காரர் இல்லை, கடல் தாண்டி எங்கிருந்தோ வந்தவர். அவர் பாஷை எனக்குத் தெரியாது, நம் பாஷை அவருக்குத் தெரியாது, இந்த ஊர் பாஷை இருவருக்குமே அரைகுறை. ஆகையால் இந்தக் கடிதத்தில் அவர் தமிழில் பேசுவதைப் பார்த்து மிரளாதே, நான்தான் பேச வைத்திருக்கிறேன்.

உட்கார வைத்தார், துணி போர்த்தினார், வெட்ட ஆரம்பித்தார். கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து, தலையணை தடிமனில் ஒரு புத்தகம். கை என் தலையில், கண் அதில். முழங்கையாலேயே பக்கம் திருப்பினார் அக்கா! அந்த வித்தையை நான் எந்த ரயிலிலும் பார்த்ததில்லை. வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் தொட வேண்டிய நேரத்தில் கத்தரிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், அம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கத்தரியை மடியில் போட்டுக்கொண்டு, படித்துக்கொண்டிருக்கிறார். நான் ஒருவன் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பால் பொங்கி வழிந்து, பாத்திரம் தீய்ந்து, நீ வந்து குட்டுகிறவரை கதைப் புத்தகத்திலிருந்து தலை நிமிராதவன் நான், எந்த முகத்தோடு கோபப்படுவேன்? பையிலிருந்த நாவலை எடுத்து நானும் படிக்க ஆரம்பித்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் ஓர் ஆளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

என்னைத் தேடி மருமகள் வந்துவிட்டாள். "என்ன மாமா இது! ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் மைதானம்!" என்றாள். அன்றைக்கு அவளுடைய மேலாளர் வீட்டில் விருந்து, ஏற்கெனவே நேரமாகிவிட்டது, அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலாளர் என் தலையை வெகுநேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் மருமகள், "ஆமா சார், பெரியவங்களுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டாள். நம் ஊர் மானம் இந்த வகையில் போனதற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள் போனபோது கத்தரியம்மா என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். மிச்சத் தலையையும் வெட்டிவிட்டு, என் பையைக் காட்டி, "உங்க புத்தகத்துல என்ன கதை?" என்றார். எப்படிச் சொல்வது? பாஷை போதவில்லை. ஷாம்பூ பாட்டிலை எடுத்து, "இது மாமியார்" என்றேன். சவரக்கத்தி மருமகள். நடுவில் மாட்டிக்கொண்ட சீப்பு, மகன். அவ்வளவுதான், அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "எங்க ஊர்லயும் இந்தச் சீப்பு உண்டு" என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் எனக்கு அங்கேதான் வாசம். நான் என் கதையில் ஓர் அத்தியாயம் சொல்வேன், அவர் தன் கதையில் ஓர் அத்தியாயம். இதில் சில சேதாரங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தலை அலசப் பாட்டிலை எடுக்க, "ஐயோ, மாமியாரை விடுங்க!" என்று நான் தமிழில் கத்தியதில் அவர் ஈரத்தலையோடு வெளியே ஓடிவிட்டார். இன்னொரு நாள் என் நாவலில் மகன் கிணற்றில் குதிக்கும் கட்டத்தை விளக்கச் சீப்பைத் தொட்டியில் போட்டேன். அது குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டு கடை முழுக்கத் தண்ணீர். குழாய்க்காரர் வந்தார். "சீப்பு எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு முதல் அத்தியாயத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் இப்போது குழாய் கெடாத நாளிலும் வருகிறார்.

கத்தரியம்மா கதை சொல்கிற அழகை நான் என்னவென்று எழுதுவேன்! குரலே உயராது. ஒரு துண்டை மெல்ல உதறுவார், எங்களுக்குக் கடல் தெரியும். அவருடைய கதையில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அக்காவுக்குப் பெரிய பிரஷ்ஷை வைத்தார். தாயில்லாத தம்பியை வளர்க்கிறாள், அவன் சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்விடுகிறான். "எனக்கும் இப்படி ஒரு பிரஷ் இருக்கு" என்றேன்.

"அடிப்பாங்களா?"

"அடிப்பா. அடிச்ச கையாலேயே சோறும் ஊட்டுவா."

அம்மாள் அந்தப் பிரஷ்ஷைத் துடைத்துத் தனியாக வைத்தார். அதற்கப்புறம் யார் தலையிலும் அதைப் போடவில்லை.

தம்பியைத் தேடி அக்கா கப்பல் ஏறினாள். நடுக்கடலில் புயல். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "இன்னும் படிக்கல" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடை திறக்குமுன் போய் நின்றேன். குழாய்க்காரர் எனக்கு முன்னால் நின்றார். அம்மாளின் கண் சிவந்திருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார், பிரஷ்ஷை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அதை எடுத்துக் கண்ணாடிப் பலகையின்மேல் நிமிர்த்தி வைத்தார்.

"கரை சேர்ந்துட்டா. தம்பியைக் கண்டுபிடிச்சிட்டா. ரெண்டு அறை விட்டா. அப்புறம் ஒரு கடை வெச்சா."

"என்ன கடை?" என்றார் குழாய்க்காரர்.

கொஞ்சம் யோசித்து, "முடிவெட்டுற கடை" என்றார்.

குழாய்க்காரர் மூக்கைச் சிந்தினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். முழுசாகப் பேச ஒரு பாஷைகூடப் பொதுவாக இல்லாத மூன்று பேர், யாரோ ஒருத்தி கரை சேர்ந்ததற்காகக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். இப்படி ஒரு சிநேகம் இந்த வயதில் யாருக்கு வாய்க்கும் சொல்? ஆகவே எனக்குப் பேச்சுத்துணை இல்லை என்று கவலைப்படாதே, டிக்கெட்டும் எடுக்காதே. இந்த வருஷம் நான் வருவதாக இல்லை. இது முடிவான முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு. உன் ஆசிக்கும் குட்டுக்கும் என்றும் தலை தாழ்த்தும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மருமகள் வந்தாள். நான் தினமும் சொல்வதைக் கேட்டு ஆசைப்பட்டு, அந்தப் புத்தகத்தின் இந்த ஊர் மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்துப் படித்து முடித்தாளாம். "மாமா, அந்த அக்கா கரை சேரவே இல்லையே. கப்பலோட போயிட்டாங்களே. அறையும் இல்ல, கடையும் இல்ல" என்றாள். கத்தரியம்மா காதில் இது விழக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நாளைக்குப் போய், கதையில் வரும் அந்த அக்கா கடையில் வியாபாரம் எப்படி என்று விசாரிக்கப் போகிறேன். அம்மாள் சொல்லுவார்.

அக்கா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. டிக்கெட் எடு, போகவும் வரவும் சேர்த்து. உன்னைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நான் வந்து சேரும்வரை தண்ணீர்ப் பக்கமே போகாதே.