லாத்தா கடைக்கு டிரைவர் கேட்டுப் போனது

கோல சிலாங்கூர்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

பெருமதிப்பிற்குரிய மச்சான் கனி அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் லுக்மான் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் பர்வீனும் மகள் நாதியாவும் இறைவன் கிருபையால் சுகம். கீழக்கரையில் தங்கள் உம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது என்றும், இப்போது தங்கள் முகம் தெளிவாகத் தெரிவதால் தாங்கள் கறுத்துவிட்டதாக அவர்கள் வருந்துகிறார்கள் என்றும் நாதியா மூலம் அறிந்தோம். குரல் செய்தியே அனுப்பியிருக்கலாம். ஆனால் என் குரலைத் தாங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகத் தெரியவந்ததால் எழுத்திலேயே வருகிறேன்.

தங்கள் மனைவியும் எனக்கு மூத்தவராகப் பிறந்த லாத்தாவுமாகிய சுலைகாவோடு நான் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஏழு மாதத்துக்கு முன், நோன்புப் பெருநாள் விருந்தில், அவர்கள் ஆக்கிய தால்ச்சாக் குழம்பில் கத்தரிக்காயைத் தேடப் படகு வேண்டும் என்று சொன்னேன். உணவகம் நடத்துகிறவன் என்ற முறையில் தொழில் கருத்தாகத்தான் சொன்னேன். அவர்கள் அதைக் குடும்பக் கருத்தாக எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் என் உணவகமும் அந்தப் பக்கம் மக்காவுக்கு ஆள் அனுப்பும் அவர்களுடைய உம்ரா பயண அலுவலகமும் இரண்டு நாடுகள். இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சியது, தாங்கள் வாங்கி லாத்தாவின் கம்ப்யூட்டரில் மாட்டி, நெட்வொர்க்கில் எனக்கும் பகிர்ந்துவிட்டுப் போன பிரிண்டர் ஒன்றுதான். நான் இங்கே பொத்தானை அழுத்துவேன், காகிதம் அங்கே வரும், அவர்களிடம் வேலை பார்க்கும் நித்தியா எடுத்துவந்து கொடுப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் ஏழு மாதம் குடும்ப உறவு இப்படி ஒழுங்காக நடந்தது.

நாதியாவின் நிக்காஹ் உறுதியானதும் பர்வீன் பிடிவாதமாக நின்றாள். "ஊருக்கெல்லாம் பத்திரிக ரவாங்ல அடிச்சாச்சு. ஆனா மொதப் பத்திரிக உங்க லாத்தாவுக்குத்தான் போவணும். நீங்கதான் கையில குடுக்கணும்." லாத்தா இல்லாத நிக்காஹ் மேடையை நானும் நினைத்துப் பார்த்தேன். நாதியா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவர்கள் அவர்கள்தான். எனக்கே பத்து நிமிடம் கழித்துத்தான் தந்தார்கள். அதற்காக நானாகப் போய் அந்தப் படியை மிதிக்க முடியுமா? நித்தியாவிடம் கொடுத்தனுப்பினாலும் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். யோசித்து ஒரு வழி கண்டேன். அவர்களுக்கென்று ஒரு பத்திரிகையை நானே தட்டச்சு செய்து பிரிண்ட் கொடுத்தால், அது அவர்கள் மேசையில்தான் போய் விழும். விழுந்ததைப் படிக்காமல் விட லாத்தாவால் முடியாது. அழைத்ததாகவும் ஆகும், நான் வாய் திறக்கவில்லை என்பதும் நிலைக்கும்.

திங்கட்கிழமை காலை பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு மாதமாக ஒழுங்காக இருந்த என் புது லேப்டாப், பிரிண்டரின் டிரைவர் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. ரவாங்கில் அலுவலகத்தில் இருந்த நாதியாவை அழைத்தேன். கம்ப்யூட்டர் சொல்வதை பிரிண்டருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறதே, அதன் பெயர்தான் டிரைவராம்.

"மாமி கம்ப்யூட்டர் பழசு லா வாப்பா, முப்பத்திரண்டு பிட். உங்களோடது அறுபத்துநாலு. உங்க லேப்டாப்புக்கான டிரைவரையும் அங்கதான் சேர்த்துப் போடணும். அது இல்ல போல."

"வெள்ளிக்கிழம வரைக்கும் இருந்துச்சே."

"அப்டேட் ஏதாச்சும் வந்திருக்கும். மாமிகிட்ட போயி அட்மின் பாஸ்வேர்ட் கேளுங்க."

"வேற வழி சொல்லு."

"இருந்தா சொல்ல மாட்டேனா," என்றாள் என் மகள்.

ஆனால் மனிதன் முயன்றால் வேறு வழி இல்லாமலா போகும்? பிரிண்டரை மூன்று தடவை நீக்கி மூன்று தடவை சேர்த்தேன். அச்சுக்குப் போவதை வரிசையில் நிறுத்தி அனுப்ப ஸ்பூலர் என்று ஒன்று உண்டு, அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அதுவும் பலிக்காமல், செவ்வாய்க்கிழமை இணையத்தில் தேடி, நம் பிரிண்டரின் எண்ணிலிருந்து ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறிய வேறொரு டிரைவரை இறக்கிப் போட்டேன். ஓர் எழுத்துதானே என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. ரொட்டி போடுகிறவனும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான். கால் மணி நேரம் கழித்து நித்தியா நாற்பத்து மூன்று தாள்களை இரு கையிலும் ஏந்தி வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி; கட்டமும் கேள்விக்குறியும் கொக்கியுமாக, எந்த மொழியிலும் சேராத எழுத்து.

"அக்கா எல்லாத்தையும் படிச்சுப் பாத்தாங்க அண்ணே," என்றாள். "மன்னிப்புக் கடிதமா இருந்தா இன்னும் கொஞ்சம் தெளிவா எழுதச் சொன்னாங்க."

சுங்கை பஞ்சாங் சம்பந்தி வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், வந்தால் மாமிக்குச் சொல்லியாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே நேற்று லுஹர் தொழுதுவிட்டு, நாதியா தந்த சரியான டிரைவரை யூஎஸ்பியில் எடுத்து, லேப்டாப்பையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினேன். உம்ராவுக்குப் பதிய பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தம்பதி அங்கே உட்கார்ந்திருந்தார்கள். லாத்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள்.

"என்ன வேணும்?"

"டிரைவர்."

"எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல. பிரிண்டருக்கு."

"பிரிண்டரு இங்கதான இருக்கு. அது எங்க போவப்போவுது?"

தம்பதி உம்ராவை மறந்து எங்களையே பார்த்தார்கள். நான் விளக்கினேன். லாத்தா ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் பாஸ்வேர்ட் அடித்தார்கள். நான் மரியாதையாகக் காலண்டரைப் பார்த்தேன். நாதியா போனில் சொல்லச் சொல்ல, பிரிண்டரின் பகிர்வுப் பக்கத்தில் போய், கூடுதல் டிரைவர் என்ற இடத்தில் அறுபத்துநாலைத் தேர்ந்து, யூஎஸ்பியைக் காட்டினேன். பச்சைக்கோடு பதினொரு சதவீதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே திரையை இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் சும்மா பார்க்க முடியும். நாற்பது சதவீதத்தில் லாத்தா கேட்டார்கள்.

"பையன் தொழுவுறானா?"

"தொழுவுறான்."

அறுபதில், "சாப்பாடு யாரு?"

"நம்ம கடைதான்."

எண்பதில், "தால்ச்சா?"

நான் யூஎஸ்பியைத் தொட்டுச் சரிபார்த்தேன். பிறகு, "அது நீங்க வந்து பதம் பாத்துச் சொன்னாத்தான் சரியா வரும் லாத்தா," என்றேன். இது மன்னிப்பு அல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தொழில் ஆலோசனை.

நூறு ஆனதும் என் லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினேன், பத்திரிகை வெளியே வந்தது. லாத்தா எடுத்து இரண்டு தடவை படித்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏர்கான் காற்று கண்ணில் படுகிறது என்று நித்தியாவைக் கடிந்துகொண்டார்கள். அப்புறம் அந்தத் தாளை என் கையில் திருப்பித் தந்து, எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்தார்கள்.

"இப்பக் குடு," என்றார்கள்.

இரண்டு கையாலும் கொடுத்தேன். பாகான் நக்கோடா ஓமார் அம்மாள் அழுதுவிட்டார்.

ஆகவே மச்சான், நான் இறங்கிப் போனதாக யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய கம்ப்யூட்டரும் புது லேப்டாப்பும் ஒத்துப்போகாததால் ஏற்பட்ட தொழில்நுட்பப் பயணம் அது. அந்தப் பயணத்தில் லாத்தாதான் மனம் இளகினார்கள். நான் டிரைவர் மட்டுமே கேட்டேன். நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தாங்கள் வந்து சேர வேண்டும். தங்கள் உம்மாவின் கண்ணுக்கு வெளிச்சத்தையும், தங்களுக்கு நல்ல பிரயாணத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் துஆவை நாடும்
லுக்மான்

பின்குறிப்பு: கடிதத்தை முடித்த பிறகு நித்தியா தேநீர் வாங்க வந்தாள். அப்டேட் எதுவும் வரவில்லையாம். சனிக்கிழமை லாத்தா தன் கையாலேயே என் டிரைவரை நீக்கினார்களாம். "அவன் பிரிண்டர் வழியாத்தான் அழைப்பான். நடந்து வந்து அழைக்கட்டும்," என்று சொன்னார்களாம். நீக்கும் முறையைப் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது நாதியா. ஆகவே மேலே தொழில்நுட்பம் பற்றியும், யார் மனம் இளகியது என்பது பற்றியும் எழுதிய அனைத்தையும் தாங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் லாத்தாவிடம் சொல்லிவிட வேண்டாம். காலையிலிருந்து மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.