பெருவிரலுக்குச் சரியான சொல்

மச்சான் சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. என் மனைவியின் தம்பி அவன். எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் நம்பாமலிருக்க எனக்கு வேறு காரணமும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

அவன் வேலை பார்த்த மருத்துவமனையில் ஒருமுறை 'அழற்சி' என்று எழுத வேண்டிய சீட்டில் யாரோ 'தொற்று' என்று எழுதிவிட்டார்கள். தேவையில்லாத மருந்து போய்ச் சேர்ந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிர்வாகத்துக்குத்தான் ஜுரம் வந்தது. உடனே குழு கூடி, தொற்று பற்றிய சொற்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது; இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். கையேட்டைத் தொடர்ந்து சொல் சரிபார்ப்புப் பிரிவு என்று ஓர் அறை, அறைக்கு ஒரு முத்திரை, முத்திரைக்கு ஒரு மச்சான். முத்திரை விழாத சீட்டுக்கு மருந்துக் கிடங்கு திறக்காது.

ஒரு திங்கட்கிழமை தச்சர் ஒருவர் வந்து சேர்ந்தார். வலது கால் பெருவிரலில் துருப்பிடித்த ஆணி ஏறியிருந்தது. நர்ஸ் அவசரத்தில் 'தொத்து' என்று எழுதி அனுப்பினார். 'பேச்சு வழக்கு தவிர்க்கப்பட வேண்டும், பக்கம் 9' என்று சீட்டு திரும்பியது. செவ்வாய் 'தொற்று' என்று எழுதினார். 'கிருமி உறுதியாகும்வரை அழற்சி என்றே குறிக்கவும், பக்கம் 31.' புதன் 'அழற்சி' போனது. அதற்குள் சீழ் வைத்துவிட்டது. 'சீழ் கண்டபின் அழற்சி என்பது பொருட்குறை, பக்கம் 47.'

வியாழன் 'சீழ்' என்று எழுதிய சீட்டோடு நர்ஸே கீழே மச்சானின் அறைக்கு இறங்கி வந்தார்.

"சார், அந்த ஆளுக்கு விரல் கறுத்துக்கிட்டு வருது."

"கறுத்துடுச்சுன்னா சீழ்னு எழுதக் கூடாது சிஸ்டர். அழுகல்."

"நான் ஒரு சொல்லை எழுதி முடிக்கிறதுக்குள்ள நோய் அடுத்த பக்கத்துக்குப் போயிடுது சார்."

"அது நோயோட அவசரம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"டாக்டருக்கு மருந்து தெரியும். சொல் தெரியணுமே."

டாக்டர் கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அந்த வருடம் சிறந்த சொல்லாட்சிக்குப் பதக்கம் என்று அறிவித்திருந்தார்கள்.

தச்சர் கட்டிலில் இருந்தபடி நர்ஸிடம் சொன்னாராம்: "பெத்த பிள்ளைங்களுக்கே நான் இவ்வளவு யோசிச்சுப் பேர் வைக்கலைம்மா. ஏதோ ஒண்ணை வெச்சுட்டு மருந்தைக் குடுங்க. காலை ஊனி நின்னாத்தான் எனக்கு இழைப்புளி ஓடும்."

வெள்ளி காலை முத்திரை விழுந்தது: 'பெருவிரல் அழுகல்.' மச்சானே சீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினான். அன்று விடிந்ததும் பெருவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"சீட்டைத் திருப்பிக் குடுங்க சிஸ்டர்."

"ஏன் சார்?"

"இல்லாத விரல் எப்படி அழுகும்? பொருட்பிழை."

புதுச் சீட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது. பாதி பாதம் போன பிறகுதான் மருந்து வந்தது.

மருத்துவமனைக்கு 'சொற்பிழையற்ற நிறுவனம்' என்று விருது கிடைத்தது. கையேட்டை வாசலில் வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி தேவைப்பட்டது. உட்கார்ந்தே வேலை செய்யும் தச்சர் ஒருவர் இருக்கிறார் என்று மச்சான்தான் சிபாரிசு செய்தான். அளவெடுக்கக் கையேடு இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினாராம். பெட்டி ரொம்ப நேர்த்தி என்று மச்சான் இன்றும் சொல்கிறான்.

போன வாரம் அவனிடம் கேட்டே விட்டேன்:

"மச்சான், கடைசிப் பக்கத்துல, மெய்ப்புத் திருத்தியவர்னு போட்டு என் பேர் இருக்குமே. அதைப் பார்த்துட்டு அவர் ஏதாவது சொன்னாரா?"