பரணில் ஒரு தும்மல்

தும்மல் மூக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. கணக்கர் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சமையலறைப் பரணில் அண்டாவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கக்கத்தில் சாப்பாட்டு டப்பா.

அந்தப் பரண் அடுப்புக்கு மேலே ஆரம்பித்து, குளியலறைக்கு மேலாக உள்ளே உள்ளே போகும். எதுவரைக்கும் போகிறது என்று குடிவந்த நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை. வெளிச்சம் அண்டாவோடு நின்றுவிடும். அதற்கப்பால் கும்மிருட்டு.

அவருக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனியில் ஆட்குறைப்பு. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் டப்பாவோடு கிளம்பி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்புவார். இன்று அடைமழை. மனைவி தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு தூக்கம் போடலாமே என்று வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்ததுமே வாசலில் சாவி திரும்பியது. முக்காலியில் ஏறி, சமையல் மேடையில் ஏறி, பரணுக்குத் தாவிவிட்டார். அரை நாள் லீவு என்று ஒரு பொய் போதும். அந்தப் புத்தி மேலே போன பிறகுதான் வந்தது.

கீழே மனைவியும் எதிர்வீட்டு அக்காவும். மழையில் தங்கை வீட்டுப் பயணம் ரத்து. ஒரு கடையிலிருந்து பருப்புப் பொடிக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது.

“எல்லாப் பருப்பையும் ஒண்ணாப் போடாதேம்மா. கடலைப்பருப்பு சிவக்கிறதுக்குள்ள உளுந்து கருகிடும்,” என்றாள் அக்கா. “ஆமா, உனக்கு எதுக்கு இந்தப் பாடு? வீட்டுக்காரருதான் கை நிறைய சம்பாதிக்கிறாரே.”

“அவரு ஒருத்தரே மாடா உழைக்கிறாருக்கா. சாயங்காலம் அந்த முகத்தைப் பார்க்கவே முடியல. ஒரு நாளாவது என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல, பாவம் மனுஷன்.”

கணக்கர் அண்டாவோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். இவள் வாயால் ‘பொய்யன்’ என்று கேட்டுவிட்டால் அப்புறம் வாழ்ந்துதான் என்ன? செத்தாலும் இறங்குவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

“மிளகாயைப் போடட்டுமாக்கா?”

“போடு, போடு.”

நெடி பொங்கி எழுந்தது. கீழே இருப்பவர்களுக்கு அது காற்றோடு போய்விடும். மேலே இருப்பவருக்கு எங்கே போகும்? நேராக மூக்கில் குடியேறியது. பிடித்திருந்த விரலையும் மீறி ஒரு ‘ஹச்’ வெளியே வந்துவிட்டது.

கரண்டிச் சத்தம் நின்றது.

“அக்கா, நீங்களா தும்முனீங்க?”

“நான் இல்லையே! நீயில்ல?”

“அந்த ஃபேனை நிறுத்துங்க, சரியாக் கேட்கட்டும்.”

நெடியை வெளியே இழுத்துக்கொண்டிருந்த ஒரே புண்ணியவான் அந்த ஃபேன். அதுவும் நின்றது.

“மூக்கைப் பிடிச்சா பத்தாது, வாயையும் பொத்து,” என்று காதருகே கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

கணக்கர் வாயைப் பொத்தினார். மனசாட்சி பேசும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அதற்கு ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

சரி, பூனை என்று நம்பவைத்துவிடலாம் என நினைத்தார். “மியாவ்” என்றார். பூனை இனத்துக்கே அவமானமாக இருந்தது. உடனே பின்னால் இருட்டிலிருந்து இன்னொரு “மியாவ்” வந்தது. அது அச்சு அசலாக இருந்தது.

அடடா, நிஜப் பூனையே இருக்கிறது என்று முதலில் நிம்மதிதான். யாருமே எட்டிப் பார்க்காத இந்தப் பரணில், இது எதைத் தின்று இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று அப்புறம்தான் தோன்றியது.

“ரெண்டு பூனைக்கா!”

“பூனை தும்முமாடி? இது காத்து கருப்பு சமாச்சாரம். மிளகாய் நெடிக்கு எதுவும் தாக்குப்பிடிக்காது. இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு.”

மனைவி அள்ளிப் போட்டாள். பரண் முழுக்கப் புகை. கணக்கருக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒரே வெள்ளம். தவிப்போடு கையை நீட்டினார். கையில் ஒரு துணி வந்து விழுந்தது. நன்றாகத் துடைத்துக்கொண்டார். துணி பழசு, ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

நாம் துணி ஏதும் கொண்டு வரவில்லையே?

“யா... யாரு?” என்று திரும்பினார். இருட்டு பதில் சொல்லவில்லை, மூச்சு மட்டும் விட்டது. கணக்கர் அலறி அடித்துப் பின்வாங்கியதில் ஒரு கால் பரணுக்கு வெளியே தொங்கியது. டப்பா நழுவி, ஆறவைத்த பருப்புத் தட்டின் நடுவில் ‘டமால்’ என்று விழுந்தது.

“ஐயோ, காலு!” என்று அக்கா கத்தினாள்.

மனைவி காலைப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் பார்த்தாள்.

“இது காலையில நான் கட்டிக் குடுத்த டப்பா... ஏங்க?”

அதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது? கணக்கர் பரண் விளிம்பில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலை போனதை, பெஞ்சை, தினமும் போட்ட வேஷத்தை. சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

“பொய் சொன்னீங்களா என்கிட்ட?”

“ஆமா.”

“இறங்குங்க கீழே.” அவள் அடுப்பை அணைத்தாள். “வேலைதானே போச்சு? நானா போயிட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடிச்சா தின்னிருப்பேன்? ரெண்டு மாசமா வெயில்லயும் மழையிலயும் தனியா உட்கார்ந்திருக்கீங்களே, அதை நினைச்சாதான் எனக்கு வயிறு எரியுது.”

கணக்கர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மிளகாய் நெடி என்று காரணம் சொன்னார். யாரும் நம்பவில்லை.

“நாளையிலேர்ந்து இங்கதான் வேலை,” என்றாள் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தபடி. “மிளகாய் வறுக்கிறது உங்க பொறுப்பு. லீவெல்லாம் கிடையாது. அது சரி, அந்த ரெண்டாவது மியாவ் பிரமாதமா இருந்துச்சே, எங்க கத்துக்கிட்டீங்க?”

கணக்கர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நீங்க இறங்கிட்டீங்க தம்பி, அதுவே பெரிய விஷயம். உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவருக்கும் இப்படித்தான் வேலை போச்சு. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு ஒரு நாள் காலையில காணாமப் போனவருதான். வெளியே போனதையும் யாரும் பார்க்கல, திரும்பி வந்ததையும் பார்க்கல. அவரு சம்சாரம் வருஷக்கணக்கா காத்திருந்துட்டு, வீட்டைக் காலி பண்ணி மகளோட போயிட்டா.”

பரணில் அண்டா மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. பின்னாலிருந்து அதே கரகரத்த குரல் வந்தது.

“போயிட்டாளா? முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி! அந்த முக்காலியைக் கொஞ்சம் பிடிச்சுக்கப்பா, நானும் இறங்கிடுறேன்.”